தனியே ஓடினால் தேறுகிறது, கூட்டத்தில் விழுகிறது: சோதனைகளுக்கிடையே கசியும் பொது அமைப்புகளைப் பிடிக்கும் வழி

தானியங்கிச் சோதனை ஒன்று காலையில் தேறி மாலையில் விழுகிறது. இடையில் நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இப்படி நேரும்போது பலர் விழுந்த சோதனையைத் திறந்து, அதன் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் தளர்த்தி, பச்சை விளக்கு எரிந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விழுந்தது ஒரு சோதனை. தவறு செய்தது அதற்கு முன் ஓடிய வேறொரு சோதனை. விழுந்ததைத் தளர்த்தினால் தவறு அப்படியே இருக்கும், அதைக் காட்டிக்கொடுத்த சாட்சி மட்டும் இல்லாமல் போகும்.

பைத்தானில் பைடெஸ்ட், யூனிட்டெஸ்ட் என்ற சோதனைக் கருவிகளையும் ஜாங்கோ என்ற இணையச் செயலிச் சட்டகத்தையும் கொண்டு சோதனை எழுதுகிறவர்களுக்காக இந்தக் குறிப்பை எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் சிறு விளக்கத்தை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது.

பைடெஸ்ட், வேறு ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால், எல்லாச் சோதனைகளையும் ஒரே பைத்தான் புராசஸுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுகிறது. ஒரு மாட்யூல் முதன்முறை இம்போர்ட் ஆகும்போது மட்டும் அதன் நிரல் ஓடும். பிறகு யார் கேட்டாலும் ‘சிஸ்.மாட்யூல்ஸ்’ என்ற அகராதியில் இருக்கும் அதே பொருள்தான் கிடைக்கும். ஆகவே அமைப்புகளை (செட்டிங்ஸை) வைத்திருக்கும் பொருள் ஒன்றே ஒன்றுதான். ஆயிரம் சோதனைகளும் அதைத்தான் தொடுகின்றன. வாடகைச் சைக்கிளை எடுத்தவர் சீட்டின் உயரத்தை மாற்றி ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்திப் போனால் அடுத்து ஏறுகிறவருக்குக் கால் எட்டாது. இங்கும் அதுதான் நடக்கிறது. சூழல் மாறிகள், ஜாங்கோவின் செட்டிங்ஸ், நேர மண்டலம், மொழி, நடப்பு அடைவு, லாக் செய்திகளை எழுதும் லாக்கர்களின் நிலை, தசம எண்களின் துல்லியம், முன்பு கணக்கிட்டதைச் சேமித்து வைக்கும் கேச்சில் தங்கிய விடைகள் எல்லாமே இந்தச் சைக்கிளின் பாகங்கள்.

இது அரிதான நோயும் அல்ல. நிலையற்ற சோதனைகளைப் பற்றி 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களிலிருந்து 201 திருத்தங்களை எடுத்து அலசியது. அதில் கண்ட மூன்று பெரிய காரணங்களில் ஒன்று, சோதனைகள் ஓடும் வரிசையைச் சார்ந்திருப்பது. பின்னால் வந்த ஆய்வுகள் அமைப்பைக் கெடுத்துவிட்டுப் போகும் சோதனைக்கும், அதனால் அடிபடும் சோதனைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தன. இங்கே முதலாவதைக் கசியவிட்ட சோதனை என்றும், இரண்டாவதை அடிபட்ட சோதனை என்றும் அழைக்கிறேன். கீழே வரும் எல்லாமே ஒரு கேள்வியைச் சுற்றித்தான்: இந்த மதிப்பை மாற்றியது யார், பழையபடி வைக்க வேண்டிய பொறுப்பு யாருடையது?

அறிகுறி: தனியாக ஓட்டினால் தேறுகிறது, முழுத் தொகுப்பில் விழுகிறது

பெரும்பாலானோர் இந்த வாசல் வழியாகத்தான் இந்தச் சிக்கலுக்குள் வருகிறார்கள். புதிதாக ஒரு சோதனை சேர்த்ததும் இது தொடங்கியிருக்கலாம். ஒரு சோதனையின் பெயரை மாற்றியது மட்டும்கூடக் காரணமாக இருக்கலாம். யூனிட்டெஸ்ட் ஒரு வகுப்புக்குள் இருக்கும் சோதனைகளைப் பெயரின் அகரவரிசையில் ஓட்டுகிறது. பெயர் மாறினால் வரிசை மாறும். பைடெஸ்ட் தனக்கென எழுதிய ஃபங்ஷன்களைக் கோப்பில் எழுதியிருக்கும் வரிசையில் ஓட்டும்; ஒரு ஃபங்ஷனை மேலிருந்து கீழே நகர்த்தினாலே போதும்.

முதல் வேலை, வரிசையைப் பிடித்து நிறுத்துவது. சோதனைகளின் வரிசையைக் கலைத்து ஓட்டும் பைடெஸ்ட்-ராண்டம்லி என்ற செருகுநிரலைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒவ்வோர் ஓட்டத்தின் தொடக்கத்திலும் அது ஒரு விதை எண்ணை அச்சிடும். விழுந்த ஓட்டத்தின் விதையைக் குறித்துக்கொண்டு, அதையே திரும்பக் கொடுத்தால் அதே வரிசை கிடைக்கும். ஜாங்கோவின் சோதனைக் கட்டளையிலும் 4.0 பதிப்பிலிருந்து ‘ஷஃபிள்’ என்ற தேர்வு உண்டு. அதுவும் விதையைச் சொல்லும். நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரின் பதிவில் அந்த எண் இல்லாவிட்டால் தேடல் தொடங்கும் முன்பே பாதி தோற்றுப்போகிறது. அதனால் இன்றே அது பதிவில் தெரியும்படி செய்துவையுங்கள்.

இரண்டாவது வேலை, பாதி பாதியாகக் குறுக்குவது. அடிபட்ட சோதனைக்கு முன் ஓடிய சோதனைகளின் பட்டியலை எடுங்கள். முதல் பாதியையும் அதன் பின்னால் அடிபட்ட சோதனையையும் சேர்த்து ஓட்டுங்கள். விழுந்தால் கசியவிட்டது அந்தப் பாதியில் இருக்கிறது. தேறினால் மற்ற பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ஆயிரம் சோதனைகள் இருந்தாலும் பத்து ஓட்டங்களுக்குள் ஒன்றே ஒன்று மிஞ்சும். பைடெஸ்ட் கட்டளைக்குச் சோதனைகளின் முழுப் பெயர்களை நீங்கள் எந்த வரிசையில் கொடுக்கிறீர்களோ அந்த வரிசையில் அது ஓட்டும் என்பதால் இதைக் கையாலேயே செய்யலாம். ஆனால் ‘டிடெக்ட்-டெஸ்ட்-பொல்யூஷன்’ என்ற சிறு கருவி இதே வேலையைத் தானாகச் செய்துவிடும். விழும் சோதனையின் பெயரையும் சோதனைகள் இருக்கும் அடைவையும் கொடுத்தால் போதும். ஜாங்கோ திட்டத்தினர் தங்கள் சொந்தச் சோதனைத் தொகுப்பை ஓட்டும் நிரலில் இதற்காகவே ‘பைசெக்ட்’, ‘பேர்’ என்று இரண்டு தேர்வுகளை வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய திட்டத்துக்கும் இந்தத் தேவை இருக்கிறது. உங்கள் தொகுப்பில் கசிவு இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாதியாகக் குறுக்கும்போது இரண்டு பாதிகளும் தேறிவிட்டால் குழம்ப வேண்டாம். கசிவுக்கு இரண்டு சோதனைகள் சேர்ந்து காரணமாக இருக்கின்றன என்று பொருள்: ஒன்று மதிப்பை மாற்றுகிறது, இன்னொன்று மாறிய மதிப்பைக் கேச்சில் ஏற்றுகிறது. அப்போது ஒரு பாதியை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் குறுக்கிக்கொண்டே போங்கள்.

கசியவிட்ட சோதனையைக் கண்டுபிடித்ததும் அதில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: அமைப்புப் பொருளில் வரி விகிதத்தை 18-இலிருந்து 5 ஆக்கும் நேரடியான ஒதுக்கீடு. திரும்ப 18 ஆக்கும் வரி எங்கும் இருக்காது. தீர்வு, மாற்றுவதையும் மீட்பதையும் ஒரே கையில் கொடுப்பது. பைடெஸ்டில் அந்தக் கை ‘மங்கிபேட்ச்’. பண்பை மாற்ற, அகராதியின் ஓர் உறுப்பை மாற்ற, சூழல் மாறியை வைக்க அல்லது நீக்க, நடப்பு அடைவை மாற்ற என ஒவ்வொன்றுக்கும் அதில் வழி உண்டு. சோதனை தேறினாலும் விழுந்தாலும் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடும். ஜாங்கோவில் ‘ஓவர்ரைட் செட்டிங்ஸ்’, பட்டியல் வகை அமைப்புகளுக்கு ‘மாடிஃபை செட்டிங்ஸ்’. பைடெஸ்ட்-ஜாங்கோ பயன்படுத்துகிறவர்களுக்கு ‘செட்டிங்ஸ்’ என்ற ஃபிக்ஸ்சர் (சோதனைக்கு வேண்டியதைத் தயார் செய்து, முடிந்ததும் பழையபடி வைக்கும் ஃபங்ஷன்). யூனிட்டெஸ்ட் மட்டும் என்றால் ‘பேட்ச்’, ‘பேட்ச்.டிக்ட்’.

ஜாங்கோவில் இந்தக் கருவிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அமைப்பை மாற்றும்போதும் மீட்கும்போதும் அவை ‘செட்டிங் சேஞ்ட்’ என்ற சிக்னலை அனுப்புகின்றன. ஜாங்கோவின் உட்பகுதிகள் அதைக் கேட்டுத் தங்கள் கேச்சுகளைத் துடைத்துக்கொள்கின்றன. நேரடியாக ஒதுக்கினால் அந்தச் சிக்னல் போகாது. கவனமாக நீங்களே பழைய மதிப்பைத் திரும்ப வைத்தாலும் எங்கோ ஒரு கேச் புது மதிப்பையே பிடித்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி: முழுத் தொகுப்பில் தேறுகிறது, தனியாக ஓட்டினால் விழுகிறது

மேலே சொன்னதன் தலைகீழ். இந்தச் சோதனை அடிபடவில்லை. வேறொன்று கசியவிட்டதை நம்பிப் பிழைக்கிறது. யாரோ முன்னால் ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்து, அதன் மூலம் ஒரு பட்டியலில் எதையோ பதிவு செய்திருப்பார்கள். அல்லது ஒரு சூழல் மாறியை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை, முழு ஓட்டம் பச்சையாக இருப்பதால். ஆனால் முதல் பகுதியில் நான் சொன்னபடி நீங்கள் ஒரு கசிவை நேர்மையாக அடைத்த மறுநாள் இவை வரிசையாக விழும். அடைத்தவர்மேல் பழி வரும்.

தீர்வு எளிது: அந்தச் சோதனைக்கு என்ன வேண்டுமோ அதைத் தானே அமைத்துக்கொள்ளச் செய்யுங்கள். இவற்றைத் தேடிப் பிடிக்க, ஒவ்வொரு சோதனைக் கோப்பையும் தனித்தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் ஜாங்கோவின் ‘ரிவர்ஸ்’ தேர்வைக் கொடுத்துத் தலைகீழ் வரிசையில் ஓட்டுவதும் நல்ல பலன் தரும்.

அறிகுறி: அமைப்பை மாற்றியும் நிரல் பழைய மதிப்பையே பயன்படுத்துகிறது

இது கசிவு போலவே தோன்றாது. ஆனால் கசிவின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மதிப்பு எப்போது படிக்கப்படுகிறது என்று பாருங்கள். மாட்யூலின் மேற்புறத்தில், எந்த ஃபங்ஷனுக்குள்ளும் இல்லாமல், அமைப்பிலிருந்து ஒரு மதிப்பை எடுத்து ஒரு மாறிலியில் வைத்திருந்தால் அது இம்போர்ட் ஆன கணத்தில் உறைந்துவிட்டது. அதன்பின் அமைப்புப் பொருளை நீங்கள் எவ்வளவு மாற்றினாலும் அந்த மாறிலிக்குத் தெரியாது. ஜாங்கோவின் ஆவணம் இதை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது: செட்டிங்ஸின் மதிப்புகளை மாட்யூல் அளவிலான மாறிலிகளில் நகலெடுத்து வைக்காதீர்கள், ‘ஓவர்ரைட் செட்டிங்ஸ்’ அவற்றைத் தொடாது என்று. ஃபங்ஷனின் இயல்பு அளவுருக்களும் அப்படித்தான். ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒருமுறை கணக்கிடப்படுகின்றன.

இன்னொரு மாட்யூலிலிருந்து ‘ஃப்ரம் … இம்போர்ட்’ முறையில் எடுத்த பெயரும் அதே சிக்கலைத் தரும். அந்தப் பெயர் இப்போது எடுத்த மாட்யூலில் இருக்கும் ஒரு தனி ஒட்டுச்சீட்டு. மூல மாட்யூலில் பேட்ச் செய்தால் எடுத்தவரிடம் மாறாது. பயன்படுத்தும் இடத்தில் இருக்கும் பெயரைத்தான் பேட்ச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, ‘எல்ஆர்யூ கேச்’. அமைப்புகளைத் திரட்டித் தரும் ஒரு ஃபங்ஷனை இந்த அலங்காரியால் மூடி, ஒருமுறை கணக்கிட்டதையே திரும்பத் திரும்பத் தரச் செய்வது ஃபாஸ்ட்ஏபிஐ என்ற இணையச் சட்டகத்தில் எழுதும் திட்டங்களில் மிகப் பரவலான வழக்கம். சர்வரில் அது நல்லது. சோதனையில் அது ஒரு கண்ணி. முதல் சோதனை மங்கிபேட்சால் சூழல் மாறியை வைக்கிறது, அந்த ஃபங்ஷனை அழைக்கிறது, விடை கேச்சில் ஏறுகிறது. சோதனை முடிந்ததும் மங்கிபேட்ச் சூழல் மாறியை ஒழுங்காக நீக்கிவிடுகிறது. கேச்சில் ஏறியதை அது அறியாது. இரண்டாவது சோதனை சுத்தமான சூழலில் பழைய விடையைப் பெறுகிறது. அந்த ஃபங்ஷனின் ‘கேச் கிளியர்’ முறையை ஒரு ஃபிக்ஸ்சரில் சோதனைக்கு முன்னும் பின்னும் அழையுங்கள். முன்னால் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். அந்த ஃபிக்ஸ்சரைப் பயன்படுத்தாத சோதனை அடுத்து வந்தால் போதாது. ஃபாஸ்ட்ஏபிஐயில் சார்புகளை மாற்றிவைக்கும் ‘டிபென்டென்சி ஓவர்ரைட்ஸ்’ அகராதியும் செயலிப் பொருளோடு ஒட்டியிருக்கும் பொது நிலைதான். அதையும் ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் காலி செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் சிலர் மாட்யூலை ‘ரீலோட்’ செய்து சமாளிக்கப் பார்ப்பார்கள். அது இன்னொரு துன்பத்தைக் கொண்டுவரும். ரீலோட் ஆனதும் அந்த மாட்யூலின் வகுப்புகள் புதிதாகப் பிறக்கின்றன. பழைய வகுப்பை முன்பே எடுத்து வைத்திருக்கும் மற்ற மாட்யூல்களில் வகைச் சரிபார்ப்புகள் தோற்கும்; ‘எக்செப்ட்’ வரிகள் தங்கள் பிழையைத் தாங்களே அடையாளம் காணாமல் விட்டுவிடும். ஒரு கசிவை அடைக்க இன்னொரு கசிவைத் திறப்பதாகிவிடும்.

நிலைத்த தீர்வு நிரலின் பக்கம் இருக்கிறது. கணக்கிடும் ஃபங்ஷன் வரி விகிதத்தை எங்கிருந்தோ தேடி எடுப்பதற்குப் பதில் அளவுருவாகப் பெறட்டும். அமைப்பைப் படிக்கும் வேலை செயலியின் வாசலில் ஓரிடத்தில் மட்டும் நடக்கட்டும். அப்படி எழுதிய ஃபங்ஷனைச் சோதிக்கப் பொது அமைப்பைத் தொடவே வேண்டியதில்லை. தொடாதது கசியாது. ஒரே நாளில் முழு நிரலையும் இப்படி மாற்றச் சொல்லவில்லை; எந்த அமைப்பு அடிக்கடி கசிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: மீட்டெடுக்கும் வரி இருக்கிறது, ஆனாலும் பழைய மதிப்பு திரும்பவில்லை

முதலில் மேலோட்டமான நகலைச் சந்தேகியுங்கள். அமைப்பு அகராதியைச் சோதனைக்கு முன் ‘காப்பி’ முறையால் நகலெடுத்து, பின்னர் அதைத் திரும்ப வைக்கிறீர்கள். ஆனால் அந்த முறை மேலடுக்கை மட்டும் நகலெடுக்கும். உள்ளே இருக்கும் அகராதிகளும் பட்டியல்களும் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். ஜாங்கோவின் ‘கேச்சஸ்’ அமைப்பில் ‘டிஃபால்ட்’ பகுதியின் காலக்கெடுவைச் சோதனை மாற்றினால் உங்கள் நகலிலும் அது மாறிவிட்டிருக்கும். பைடெஸ்ட்-ஜாங்கோவின் ஃபிக்ஸ்சரும் இந்த வகை உள்மாற்றத்தைக் காப்பாற்றாது. அதற்குத் தெரிவது ஒதுக்கீடு மட்டுமே. ‘டீப்காப்பி’ எடுத்து, அதை மாற்றி, முழு மதிப்பாகத் திரும்ப ஒதுக்குங்கள். அல்லது மங்கிபேட்சின் ‘செட்ஐட்டம்’ முறையால் அந்த உள் அகராதியையே குறிவையுங்கள்.

சூழல் மாறிகளில் வேறு மூன்று பொறிகள் உண்டு. மாறி முன்பு இல்லவே இல்லை என்றால் மீட்பது என்பது அதை நீக்குவது. வெற்றுச் சரமாக வைப்பது மீட்பாகாது, ‘இருக்கிறதா’ என்று மட்டும் பார்க்கும் நிரல் அதை இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். ‘ஓஎஸ்.என்விரான்’ பொருளுக்குப் பதில் ஒரு சாதாரண அகராதியை அந்தப் பெயரில் ஒதுக்கினால், அதன்பின் செய்யும் மாற்றங்கள் இயங்குதளத்தின் உண்மையான சூழலுக்குப் போகாது. அங்கிருந்து தொடங்கும் துணைப் புராசஸ்கள் பழைய மதிப்புகளையே காணும். ‘ஓஎஸ்.புட்என்வ்’ இதற்கு நேர்மாறு: உண்மையான சூழலை மாற்றும், பைத்தானின் அகராதியை மாற்றாது. மூன்றையும் தவிர்க்க ஒரே வழி, மங்கிபேட்ச் அல்லது ‘பேட்ச்.டிக்ட்’ தவிர வேறெதையும் கொண்டு சூழலைத் தொடாமல் இருப்பது.

அறிகுறி: ஒரு சோதனை விழுந்ததும் பின்னால் வருபவை சரஞ்சரமாக விழுகின்றன

மீட்கும் வரியைச் சோதனையின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நடுவில் உள்ள ‘அசெர்ட்’ தோற்றால் கடைசி வரி ஓடாது. தேறும் நாளில் எல்லாம் சுத்தம். விழும் நாளில், உங்களுக்குத் தெளிவு மிகவும் தேவைப்படும் அந்த நாளில், ஒரு பிழை நாற்பதாகத் தெரியும். முதலில் விழுந்ததை மட்டும் பாருங்கள், மற்றவை நிழல்கள். பைடெஸ்டை முதல் தோல்வியோடு நிற்கச் சொல்லும் ‘எக்ஸ்’ தேர்வு இங்கே உதவும்.

யூனிட்டெஸ்டில் ‘டியர்டவுன்’ எழுதிவிட்டேனே என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘செட்அப்’ நடுவில் பிழை எறிந்தால் ‘டியர்டவுன்’ அழைக்கப்படுவதே இல்லை. செட்அப்பின் முதல் வரி அமைப்பை மாற்றி, மூன்றாவது வரி தரவுத்தளத்தோடு இணையத் தவறினால் மாற்றம் அப்படியே தங்கிவிடும். ‘ஆட் கிளீன்அப்’ அப்படியல்ல. மாற்றிய மறுவரியிலேயே அதை மீட்கும் வேலையைப் பதிவுசெய்துவிட்டால், பின்னால் எது கெட்டாலும் அது ஓடும். வகுப்பு முழுமைக்கும் பொதுவான தயாரிப்புக்கு பைத்தான் 3.8-இலிருந்து ‘ஆட் கிளாஸ் கிளீன்அப்’ இருக்கிறது.

பைடெஸ்ட் ஃபிக்ஸ்சரில் ‘யீல்ட்’ வரிக்குப் பின் எழுதியது சோதனை விழுந்தாலும் ஓடும். ஆனால் யீல்டுக்கு முன்பே பிழை எழுந்தால் ஓடாது. அதனால் ஒரு ஃபிக்ஸ்சர் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து ஒரே ஒரு மீட்பை வைத்திருக்கட்டும். ஐந்து மாற்றங்களை ஒரே ஃபிக்ஸ்சரில் அடுக்குவதைவிட ஐந்து சிறு ஃபிக்ஸ்சர்கள் நம்பகமானவை.

ஃபிக்ஸ்சரின் ஆயுளையும் பாருங்கள். ‘செஷன்’ அளவில் வாழும் ஃபிக்ஸ்சர் ஒன்று அமைப்பை மாற்றினால் அது முதன்முறை கேட்கப்பட்ட நொடியிலிருந்து ஓட்டம் முடியும்வரை, அதைக் கேட்காத சோதனைகளுக்கும் சேர்த்து, மாற்றம் நீடிக்கும். மங்கிபேட்ச் ஒரு சோதனை அளவுக்கே வாழ்வது என்பதால் செஷன் அளவு ஃபிக்ஸ்சர் அதைக் கேட்டால் பைடெஸ்ட் ‘ஸ்கோப் மிஸ்மேட்ச்’ என்று மறுத்துவிடும். எரிச்சலூட்டினாலும் அந்த மறுப்பு உங்கள் நன்மைக்கே. அதைத் தாண்டுவதற்கு முன் இந்த அமைப்பு உண்மையிலேயே முழு ஓட்டத்துக்கும் வேண்டுமா என்று யோசியுங்கள்.

அறிகுறி: லாக் செய்தியைத் தேடும் சோதனைக்கு எதுவும் கிடைப்பதில்லை

லாக் செய்திகளைப் பிடித்துத் தரும் பைடெஸ்டின் ‘கேப்லாக்’ ஃபிக்ஸ்சர் காலியாக இருக்கிறது. நிரலோ லாக் எழுதத்தான் செய்கிறது. தனியாக ஓட்டினால் செய்தி கிடைக்கிறது. உங்கள் திட்டத்தில் தரவுத்தளத்தின் கட்டமைப்பை மேம்படுத்தும் அலெம்பிக் என்ற கருவி இருந்தால் முதலில் அங்கே போங்கள். அலெம்பிக் உருவாக்கித் தரும் சூழல் கோப்பில் ‘ஃபைல்கான்ஃபிக்’ என்ற ஃபங்ஷனை அழைக்கும் ஒரு வரி இருக்கிறது. பைத்தானின் அந்த ஃபங்ஷன், வேறு சொல்லாவிட்டால், அதுவரை உருவாகியிருந்த லாக்கர்களில் தன் கோப்பில் பெயர் குறிப்பிடாதவற்றை முடக்கிவிடும். சோதனைத் தரவுத்தளத்தைத் தயாரிக்க ஒரு ஃபிக்ஸ்சர் அலெம்பிக்கின் மேம்படுத்தலை அதே புராசஸுக்குள் ஓட்டினால், அந்த நொடியில் உங்கள் செயலியின் லாக்கர்கள் வாயடைத்துப் போகும். பிழைச் செய்தியும் வராது. ‘டிசேபிள் எக்ஸிஸ்டிங் லாக்கர்ஸ்’ என்ற அளவுருவை ‘ஃபால்ஸ்’ என்று அந்த வரியில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ‘டிக்ட்கான்ஃபிக்’ பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே இயல்பு, இதே மருந்து.

அதுவும் இல்லையென்றால் ‘லாக்கிங்.டிசேபிள்’ என்ற அழைப்பைத் தேடுங்கள். சோதனையின் வெளியீடு இரைச்சலாக இருக்கிறது என்று யாரோ ஒரு கோப்பின் மேற்புறத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அது முழுப் புராசஸுக்கும் பொருந்தும். ஒரு லாக்கரின் ‘ப்ராபகேட்’ பண்பு அணைக்கப்பட்டிருந்தாலும் செய்தி வேர் லாக்கருக்கு ஏறாது. கேப்லாக் காத்திருப்பது அங்கேதான்.

அறிகுறி: நேரம் ஐந்தரை மணி விலகுகிறது, தொகை விசித்திரமாக வட்டமாகிறது, செய்தி வேறு மொழியில் வருகிறது

விடை சரியாக 5 மணி 30 நிமிடம் தள்ளியிருந்தால் ‘ஏசியா/கொல்கத்தா’ மண்டலமும் யூடிசியும் எங்கோ இடம் மாறியிருக்கின்றன. ‘டிஇஜட்’ சூழல் மாறியை மாற்றினால் மட்டும் போதாது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ‘டைம்.டிஇஜட்செட்’ அழைக்கப்பட்ட பிறகே புராசஸ் அதை ஏற்றுக்கொள்ளும். கசிவும் இங்கேயே: மங்கிபேட்ச் மாறியை மீட்டுவிடும், டிஇஜட்செட்டை யாரும் மறுபடி அழைக்க மாட்டார்கள். மீட்ட பிறகு ஒருமுறை அழைப்பதும் உங்கள் ஃபிக்ஸ்சரின் கடமை. ஜாங்கோவுக்குள் என்றால் ‘டைம்சோன்.ஓவர்ரைட்’ என்ற வழியில் போங்கள்.

12345.67 ரூபாய் என வர வேண்டிய தொகை 1.235இ+4 என வந்தால் யாரோ ‘டெசிமல்’ மாட்யூலின் துல்லியத்தை 4 இலக்கமாக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், இயல்பு 28. ‘லோக்கல் கான்டெக்ஸ்ட்’ பயன்படுத்தினால் அந்தத் தொகுதிக்குள் மட்டும் மாற்றம் நிற்கும். ஜாங்கோவில் மொழிக்கு ‘டிரான்ஸ்லேஷன்.ஆக்டிவேட்’ என்பதை விட்டு ‘டிரான்ஸ்லேஷன்.ஓவர்ரைட்’ எடுங்கள். பாண்டாஸுக்கு ‘ஆப்ஷன் கான்டெக்ஸ்ட்’, மேட்பிளாட்லிபுக்கு ‘ஆர்சி கான்டெக்ஸ்ட்’.

அறிகுறி: ஒரே நேரத்தில் பல புராசஸ்களில் ஓட்டினால் மட்டும் விழுகிறது, அல்லது அப்போது மட்டும் தேறுகிறது

பைடெஸ்ட்-எக்ஸ்டிஸ்ட் சோதனைகளைத் தனித்தனிப் புராசஸ்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கசியவிட்டதும் அடிபட்டதும் வெவ்வேறு புராசஸுக்குப் போனால் சிக்கல் மறையும். இன்னொரு நாள் ஒன்றாகச் சேர்ந்தால் திரும்பி வரும். சிஐ சர்வரில் வாரத்துக்கு ஒருமுறை விழும் சோதனைகளில் பல இந்த வகை. மீண்டும் ஓட்டிப் பார்க்கும் செருகுநிரலை இதற்கு மருந்தாகச் சேர்க்காதீர்கள். அது அதே புராசஸில் அதே கெட்ட அமைப்போடு மறுபடி ஓட்டும். பெரும்பாலும் மறுபடி விழும். தேறிவிட்டாலோ இன்னும் மோசம், கசிவு கண்ணுக்கே தெரியாமல் போகும்.

எக்ஸ்டிஸ்டில் மட்டும் விழுந்தால் கசிவு புராசஸுக்கு வெளியே நடக்கிறது: ஒரே ரெடிஸ், ஒரே தற்காலிகக் கோப்பு, ஒரே போர்ட். ஒவ்வொரு புராசஸுக்கும் ‘பைடெஸ்ட் எக்ஸ்டிஸ்ட் ஒர்க்கர்’ என்ற சூழல் மாறியில் ஜிடபிள்யூ0, ஜிடபிள்யூ1 என்று ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயரைத் தரவுத்தளத்தின் பெயரிலும் கேச்சின் முன்னொட்டிலும் சேர்த்துவிடுங்கள். கோப்புகளுக்கு ‘டெம்ப்பாத்’ ஃபிக்ஸ்சர் இருக்கிறது.

இனிக் கசியாமல் இருக்க ஒரு காவல்

கசிவை அது நடக்கும் சோதனையிலேயே பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவானது. பைடெஸ்ட் தானாகப் படிக்கும் கான்ஃப்டெஸ்ட் கோப்பில், தானாகவே எல்லாச் சோதனைக்கும் பொருந்தும் ஒரு ஃபிக்ஸ்சரை எழுதுங்கள். யீல்டுக்கு முன் சூழல் மாறிகள், நடப்பு அடைவு, உங்கள் அமைப்பு அகராதியின் ஆழ்நகல், நேர மண்டலத்தின் பெயர், வேர் லாக்கரின் மட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். யீல்டுக்குப் பின் மறுபடி பார்த்து, வேறுபாடு இருந்தால் எந்த உறுப்பு எதிலிருந்து எதற்கு மாறியது என்று சொல்லி விழட்டும். கசியவிட்ட சோதனையின் பெயரோடு பிழை வரும். பாதி பாதியாகத் தேட வேண்டிய வேலையே இல்லை. தானாகப் பொருந்தும் ஃபிக்ஸ்சர்கள் அதே அளவில் வாழும் மற்றவற்றுக்கு முன்பே தொடங்கிக் கடைசியில் முடிவதால், மங்கிபேட்ச் மீட்டுவைத்த பிறகுதான் உங்கள் காவல் சரிபார்க்கும். மங்கிபேட்சைப் பயன்படுத்தும் இன்னொரு தானியங்கி ஃபிக்ஸ்சர் உங்களிடம் இருந்தால் அது காவல் ஃபிக்ஸ்சரைத் தன் அளவுருவாகக் கேட்கட்டும், வரிசை உறுதியாகும்.

எல்லாவற்றையும் சோதனைக்குச் சோதனை மௌனமாக மீட்டுவிடும் ஃபிக்ஸ்சரைச் சிலர் விரும்புவார்கள். பழைய, பெரிய தொகுப்பில் மூச்சுவிட இடம் வேண்டும் என்றால் அதைத் தற்காலிகமாக ஏற்கலாம். நான் விழச் செய்வதையே தேர்ந்தெடுப்பேன். மௌனமாகத் துடைத்தால் எழுதுகிறவருக்குத் தன் சோதனை கசிகிறது என்று தெரியவே தெரியாது.

சூழல் மாறிகளை ஒப்பிடும்போது ‘பைடெஸ்ட் கரன்ட் டெஸ்ட்’ என்ற மாறியை மட்டும் விலக்கிவிடுங்கள். எந்தச் சோதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பைடெஸ்ட் தானே அதில் எழுதுகிறது. தயாரிப்பு, ஓட்டம், முடிப்பு என்று கட்டத்துக்குக் கட்டம் அது மாறும். விலக்காவிட்டால் உங்கள் காவல் முதல் நாளே எல்லாச் சோதனைகளையும் குற்றவாளி என்று நிறுத்தும்.